கிளட்சின் மேல் ஒரு கால்

வண்டி ஓடும் ஆனால் போகாது என்று சோதனை பார்க்கிற பெண் சொன்னபோது சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே லூர்து நின்றுகொண்டிருக்காவிட்டால் சிரித்தும் இருப்பார். லோடு வண்டியின் பின்சக்கரங்கள், எஞ்சினின் இழுவையை அளக்கத் தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. முன்னாலும் பின்னாலும் பட்டை போட்டு, சந்தைக்கு வந்த முரட்டு மாட்டைக் கட்டுவதுபோல் வண்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ரேடியேட்டருக்கு நேரே ஆள் உயரக் காற்றாடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடித்த மனுஷனை இப்படிக் கட்டிப்போட்ட வண்டியில் உட்காரவைத்து ஓட்டு என்றால் என்ன அர்த்தம். அர்த்தம் அவருக்குத் தெரியும். வண்டிக்கு இழுவை இல்லை என்று முதலாளி அர்த்தநாரி சொல்கிறார், எஞ்சினை இறக்கிச் சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன் என்று மெக்கானிக் லூர்து சொல்கிறான், இரண்டு பேரும் சொல்வதில் எது நிஜம் என்பதை இந்த உருளை சொல்லப்போகிறது. இதில் ஒரு சின்னச் சங்கதி விட்டுப்போகிறது. இழுவை இல்லை என்று முதலில் சொன்னது முதலாளி அல்ல. சடையப்பன்தான். மலை ஏத்தத்துல மூச்சு வாங்குதுங்க மொதலாளி, லூர்து வேலை அவ்வளவா சரியில்லீங்களாட்ட இருக்குது என்று போனில் சொன்னது இதே வாய்தான். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் சொன்னது, அதனால்தான் இந்தப் பயல் இப்போதும் அண்ணா டீ குடிக்கறீங்களாண்ணா என்று காகிதக் கப்பை ஜன்னல் வழியாக நீட்டுகிறான். சடையப்பன் வாங்கிக்கொண்டார். டீ சூடாக இருந்தது. கையில் சூடு தெரிந்தது. கையில் எல்லாம் தெரியும்.

சொன்னபோது பொய் சொல்லவில்லை என்பது உண்மை, அதைச் சாமி முன்னால்கூடச் சொல்லலாம். வண்டி நிஜமாகவே இழுக்கவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகையில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிக் காதைக் கிழிப்பான். லூர்து புதிதாகச் சொந்தப் பட்டறை வைத்தவன், அவன் முதன்முதலாக இறக்கி ஏற்றிய எஞ்சின் இது, புதுக் கை எங்கேயோ கோட்டை விட்டிருக்கும் என்று நினைப்பதில் என்ன தப்பு. ஆனால் அதற்கப்புறம் ஒருநாள் மதியம், சிக்னலில் நிற்கும்போது, கருகின வாடை மூக்கில் ஏறியது. கிளட்ச் பிளேட் தேய்கிற வாடை, டிரைவருக்கு அது சொந்த வேர்வை மாதிரி பழக்கம். எவனோ பக்கத்து வண்டிக்காரன் என்று நினைத்துக் குனிந்தபோது தன் இடது கால் கிளட்ச் பெடலின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தது, வைத்தது அல்ல. ரப்பர் செருப்போடு, திண்டில் ஏறிப் படுத்த பூனையைப்போல் சுகமாக இருந்தது. அவர் வைக்கவில்லை. வைத்ததும் தெரியவில்லை, எப்போதிலிருந்து அது அங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. கால் மேலே கிடந்தால் கிளட்ச் பாதி பிடிக்கும் பாதி நழுவும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று தெரிந்து இரண்டு வாரம் ஆகிறது, அந்த இரண்டு வாரமும் வாயில் கொழுக்கட்டைதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இந்த லோடு இறங்கட்டும், முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாக எடுத்துவிடலாம். மனுஷன் தன்னிடம் தானே தவணை வாங்கிக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

"அண்ணா, கேக்குதுங்களா?" என்று டேஷ்போர்டில் வைத்த சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. பேர் தமயந்தி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள், அவள் பக்கத்தில் அர்த்தநாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "மொத தடவ நாலாவதுல ஓட்டீட்டீங்க. அது கணக்குக்கு வராதுங்க. அஞ்சாவது போடுங்க. அதுலதான் எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா சக்கரத்துக்குப் போற ஷாப்ட்டும் ஒரு சுத்து சுத்தும், நடுவுல பெருக்கறது வகுக்கறது ஒண்ணும் இல்ல. மெதுவா அஞ்சாவதுக்கு வந்து, ஆர்.பி.எம். கீழ இருக்கறப்பவே ஆக்சிலேட்டர ஒரே மிதியா அடி வரைக்கும் மிதிச்சுருங்க. டீசலுக்கு டர்போ எந்திரிக்க நேரம் வேணும், அவசரப்படாதீங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க. பிரேக் தொடவே வேண்டாம்." சரிங்க அம்மணி என்றார். நல்ல பெண். டயரில் காற்று பார்த்தாள், எஞ்சின் சூடு ஏறட்டும் என்று காத்திருந்தாள், எல்லாவற்றையும் சரிபார்த்தாள். ஓட்டுகிறவன் காலை மட்டும் யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கங்க, தொடறப்ப சொல்லுங்க என்று நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் டாக்டர் பாதத்தில் குத்தினார், சடையப்பன் கண்ணை மூடிய மாதிரி மூடிக்கொண்டு இமை இடுக்கில் டாக்டரின் தோள் அசைவதைப் பார்த்துத் தெரியுதுங்க, தெரியுதுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி. டாக்டர் மட்டும் என்ன லேசுப்பட்டவரா, ஒரு தடவை தொடாமலே தோளை அசைத்தார், அப்போதும் இவர் தெரியுதுங்க என்றார். டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, செருப்பு எப்பவாச்சும் கழண்டு விழுந்து தெரியாமப் போயிருக்குதா என்று மட்டும் கேட்டார். இல்லீங்க. பெண்டாட்டி பாவாயி பக்கத்தில் இருந்தாள். போன மாசம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து இன்னொண்ணு எங்கீங்க என்று கேட்டவள் அவள்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை, வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அவருக்கு முன்னாலேயே நடந்தாள்.

அஞ்சாவது விழுந்தது. உருளைகள் சுழல ஆரம்பித்தன, கொட்டகை முழுக்க ஒரு முணுமுணுப்பு, கண்ணாடிக்கு வெளியே சுவர் அப்படியே நிற்கிறது, காற்றாடிக் காற்று மட்டும் முகத்தில் அடிக்கிறது. இது ரோடு இல்லை, இங்கே யார் மேலும் ஏறிவிட முடியாது, அந்த நினைப்பில் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி என்று வந்ததும் டோல்கேட் ஞாபகம் வந்தது, வரக்கூடாது என்று இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பொம்பளை. வரிசையில் வண்டி நின்றிருந்தது, அவர் பிரேக்கில் கால் வைத்திருந்தார், வைத்திருந்ததாகத்தான் நினைத்தார், வண்டி நைசாக முன்னால் நகர்ந்தது, அவள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஒதுங்கினாள். அடே பாவி என்றாள். மழை பெய்திருந்தது, செருப்பு ஈரம், பெடல் வழுக்கிவிட்டது. அது பிரேக், அது வலது கால், வலது காலுக்கு ஒன்றும் இல்லை. இடதுதான் கொஞ்சம் மரத்திருக்கிறது, அதுவும் கிளட்சுக்கு மட்டும்தானே, கிளட்ச் யாரைக் கொன்றது. மழை பெய்திருந்தது. அன்றைக்கு மழை பெய்ததா, அதற்கு முந்தின நாளா? பெய்திருந்தது. "இப்ப மிதிங்கண்ணா" என்றது ஸ்பீக்கர். மிதித்தார். எஞ்சின் அடித்தொண்டையிலிருந்து எழும்பி, டர்போ விசில் பிடித்து, கேபின் நடுங்கி, முள் ஏறு ஏறு என்று ஏறியது, அப்பா என்ன வேலை செய்திருக்கிறான் லூர்து, இவ்வளவு சுத்தமான சத்தத்தைப் புது வண்டியில்கூடக் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்த காது எதற்கு, சொல்லத் தெரியாத வாய்க்கு. பிறகு சத்தம் திடீரென்று லேசாகிவிட்டது. முள் மட்டும் ஏறியது. கருகின வாடை.

"விடுங்க விடுங்க" என்றாள் தமயந்தி. உருளைகள் ஓய்ந்து அடங்க நேரம் பிடித்தது. "ஆர்.பி.எம். ஏறுது, ரோலர் ஏற மாட்டேங்குது. கிளட்ச் நழுவுது. அண்ணா, கிளட்ச் மேல கால் கீல் வச்சிருந்தீங்களா?" இல்ல அம்மணி என்றார் சடையப்பன். வாய் முந்திக்கொண்டது, குனிந்து பார்ப்பதற்கு முன்பே. குனிந்து பார்த்தார். இருந்தது. கட்டைவிரல் பெடலின் ஓரத்தில் அழகாக மடங்கி, தாராளமாக. கையும் களவுமாகப் பிடித்துவிட்டார், ஆனால் பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே ஆள், சாட்சி கிடையாது. கையால் தொடையைத் தூக்கி அதைக் கீழே வைத்தார். இப்போது சொல்லலாம். அம்மணி, இருந்துச்சு, நாந்தான் பாக்கல என்று சொன்னால் முடிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி லூர்துவின் பக்கம் திரும்புவது தெரிந்தது, மைக் அணைக்கப்படாததால் பேச்சும் கேட்டது. "கிளட்ச் பிளேட் மாட்டுனது யாரு?" "நாந்தானுங்க." "பின்னால ஆயில் சீல்?" "அதும் நாந்தானுங்க. எண்ணெய் ஒரு சொட்டு எறங்கலீங்க, நான் பாத்துப் பாத்துப் போட்டதுங்க." "பாத்துப் போட்டது இப்படித்தான் நழுவுமா? நம்பி எஞ்சினக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லோணும். நாளைக்கு நம்ம லாரி சங்கத்துல நாலு பேரு கேப்பாங்க, லூர்துகிட்ட விடலாமான்னு. நான் பொய்யா சொல்ல முடியும்?" லூர்து உள்ளங்கையில் இருந்த கிரீஸை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே நின்றான், தேய்த்தால் போகாது என்று அவனுக்குத் தெரியும். சங்கத்தில் ஒரு வார்த்தை போதும், பைபாஸ் ஓரம் அத்தனை லாரிக்காரனும் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போவான். அது சடையப்பனுக்கும் தெரியும். அதே நேரத்தில், இதைச் சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தரலாங்க" என்று லூர்து கேட்டான். கெஞ்சவில்லை, கேட்டான். தமயந்தி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகினாள், வண்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடும், பெடல் எவ்வளவு அமுங்குது என்கிறவரைக்கும் என்றாள். அப்போதுதான் சடையப்பனுக்கு அந்த யோசனை வந்தது. எத்தனை நல்ல யோசனை. அஞ்சாவது போட்டுவிட்டால் கிளட்ச் எதற்கு? இடது காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டால் அது எங்கேயும் போய் உட்கார முடியாது, நழுவாது, லூர்து தப்பித்துக்கொள்வான், கேட்டால் முன்னே சூடு ஏறாமல் நழுவியிருக்கும் என்று எதையாவது சொல்லிப் பூசி மெழுகிவிடலாம், யாருடைய சோற்றிலும் மண் விழாது. அப்புறம் ரோட்டிலும் அப்படியே பழகிக்கொள்ளலாம், பாவாயியிடம் சொல்லிச் செருப்புக்குப் பதில் கயிறு வைத்த ஷூ வாங்கலாம், மனசு அதற்குள் ஆறு மாசத்துக்குத் திட்டம் போட்டுவிட்டது. தப்பு செய்தவனுக்கு அதைச் சரிசெய்யவும் வேண்டும், அகப்படவும் கூடாது என்றால் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். உருளைகள் சுற்றின. ஒன்று, இரண்டு என்று கியர் ஏறி அஞ்சாவது வந்ததும் பேண்டைப் பிடித்துக் காலைத் தூக்கி, சாப்பிட உட்காருகிறவன்போல் மடித்துக்கொண்டார். இனி வலது கால்தான், நல்ல கால். லூர்து, உன்னைக் காப்பாற்றுகிறேன்டா. "இப்ப மிதிங்க." அடி வரைக்கும் மிதித்தார்.

எஞ்சின் எழும்பியது. நழுவவில்லை, முள்ளும் உருளையும் ஒன்றாக ஏறின, வாடை இல்லை. "கிளட்ச் புடிக்குது" என்றாள் தமயந்தி, அவள் குரலில்கூட ஒரு சந்தோஷம். பிறகு, "ஃபுல்லா மிதிங்கண்ணா." மிதிச்சுட்டேன் அம்மணி. "இல்லீங்க, பெடல் எழுபதுலதான் நிக்குது. நூறு காட்டோணும்." மிதித்துத்தான் இருக்கிறேன், தரையோட இருக்குது என்றார், சொல்லும்போது கோபம்கூட வந்தது. அடுத்த பேச்சு அர்த்தநாரியினுடையது. "பெடல் சென்சாரும் போச்சா? லூர்து, அதையும் நீதான் கழட்டினியா?" கழட்டினேனுங்க என்றான் லூர்து, மெதுவாக. சடையப்பன் குனிந்து பார்த்தார். வலது பாதம் பெடலின் மேல் பாதியும் விரிப்பின் மேல் பாதியுமாக இருந்தது. தரை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது தரை இல்லை, எதுவுமே இல்லை, பாதத்தின் அடியில் எதுவுமே இல்லை. பார்த்துக்கொண்டே அமுக்கினார், தொடையிலிருந்து, கண்ணால் பிடித்து. "ஆங், நூறு வந்துருச்சு" என்றது ஸ்பீக்கர். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "திரும்ப எறங்குது." குனிந்தார். "நூறு." நிமிர்ந்தார். "எண்பது. எழுபத்தஞ்சு. அண்ணா, ஆட்டாதீங்க." ரோட்டைப் பார்த்தால் கால் போகிறது, காலைப் பார்த்தால் ரோடு போகிறது. இந்தக் கால்தான் பிரேக் மிதிக்கிற கால். அன்றைக்கு மழை பெய்யவில்லை. பெய்யவே இல்லை. வெயில் கொளுத்தியது, அதனால்தானே அவள் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்கி எறியாமல் அதைக் காப்பாற்றப் பார்த்திருந்தால் அவள்... பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து ஊருக்குள் எத்தனை தடவை நுழைந்திருக்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டார், விட்டோமா என்று பார்த்துக்கொண்டார். கியரை நடுவுக்குத் தள்ளினார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றாடிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்குள் ஜன்னலில் தலையை நீட்டி, "லூர்து, நீ வந்து ஏறுப்பா" என்றார். "நீயே ஓட்டு."

எதற்கு, ஏன் என்று அர்த்தநாரி கேட்டார், இருங்க மொதலாளி ஓட்டட்டும் என்றார் சடையப்பன். கைப்பிடியைப் பிடித்து, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கி, லூர்து ஏறுவதற்கு ஒதுங்கினார். கண்ணாடித் தடுப்புக்குள் போய் நின்றார். லூர்து ஒரே மூச்சில் அஞ்சாவது போட்டான், ஒரே மிதி, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, கம்ப்யூட்டரில் ஒரு கோடு கொஞ்சமும் தள்ளாடாமல் மேலே ஏறி வளைந்தது. தமயந்தி சந்தேகத்துக்கு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள், முந்தின கோட்டின் மேலேயே அதுவும் விழுந்தது. கம்பெனி சொன்ன அளவுக்கு இருக்குதுங்க, வண்டியில ஒரு குறையும் இல்லை என்றாள். அப்புறம் அவளுக்கே புரியாமல், "அதே வண்டி, அதே கியர், ஓட்டுன ஆள்தான் மாறியிருக்குது" என்றாள். அர்த்தநாரி திரும்பினார். சடையப்பன் எத்தனையோ விதமாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தார், வந்தது இவ்வளவுதான். "எனக்கு ரெண்டு பாதமும் தெரியறதில்லீங்க மொதலாளி. சர்க்கரை. கிளட்ச் மேல கால் இருந்துச்சு, நாந்தான் இல்லைன்னேன். லூர்து வேலையில ஒரு தப்பும் இல்லீங்க." எப்பலேர்ந்து என்று கேட்டார் அர்த்தநாரி. இடது கால் கொஞ்ச நாளாவே, வலது கால் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது என்று சொல்ல ஆரம்பித்து, "அதுவும் தெரியும், ஒத்துக்கல" என்றார். அர்த்தநாரி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தபடி, "போன வாரம் கல்யாண வீட்டுக்கு ஆளுக ஏத்தீட்டுப் போனீங்களேண்ணா" என்றார்.

லூர்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவன் பக்கம் போய், சங்கதி தெரிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சுப்பா, ஒம் பேரு கெட்டாலும் பரவால்லைன்னு இருந்துட்டேன் என்றார். மன்னிச்சுக்கோ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, அதைச் சொன்னால் அவனும் பரவால்லீங்கண்ணா என்று சொல்லியாக வேண்டும், அந்தத் தொல்லையையும் அவன் தலையில் கட்டுவானேன். லூர்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னப் பத்தி என்ன வேணா சொல்லியிருக்கலாமுங்கண்ணா. நான் இன்னொரு பட்டறையில போயி வேலைக்கு நின்னுக்குவேன். ரோட்டுல போறவங்க என்னங்கண்ணா பண்ணுனாங்க?" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பட்டைகளை அவனே அவிழ்த்தான், வண்டியை உருளையிலிருந்து அவனே இறக்கினான். டிரைவர் பக்கக் கதவருகே பழக்கத்தில் போய் நின்ற சடையப்பன், அவன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தக் கதவின் பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுகூட அவருக்குப் பழக்கமில்லை. ஏறி உட்கார்ந்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருந்தது. லூர்து எஞ்சினைப் போட்டுவிட்டு, அவர் மேல் குறுக்கே சாய்ந்து கதவுப் பிடியில் கை வைத்தான், இழுக்காமல் நிறுத்தினான்.

"கதவச் சாத்தப்போறேன். கால் உள்ள இருக்குதுங்களா?"

சடையப்பன் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இருக்குது" என்றார்.